கருப்பை அகற்றிய பின் கட்டும் வயிற்று பெல்ட்: வாங்கலாமா?

வயிற்றைக் கீறிச் செய்த ஆபரேஷனுக்குத்தான் இந்த பெல்ட் உதவும்; சிறு துளைகள் வழியாகச் செய்யும் லேப்ராஸ்கோப்பி என்றால் பெரும்பாலும் வீண்செலவு. இருமும்போதும் கட்டிலைவிட்டு எழும்போதும் தையல் பிரிந்துவிடுமோ என்ற பயம் குறைகிறது, அதுவே பாதி நிம்மதி. டாக்டர் சம்மதித்தால், மல்லாந்து படுத்து, மெல்லிய பருத்தித் துணிக்கு மேல், கீழிருந்து மேலாக ஒட்டுங்கள். இரண்டு விரல் நுழைய வேண்டும். இறுக்கினால் அழுத்தம் கீழே இறங்கி உள்தையலுக்கும் சிறுநீர்ப்பைக்கும் தொல்லை.

குறை? வெல்க்ரோ ஓரம் குத்துகிறது. வெயில் காலத்தில் வியர்வை தேங்கித் தையல் ஈரமாகிறது. படுக்கும்போது கழற்றிவிடுங்கள். பெல்ட் இருக்கிறதே என்று தண்ணீர்க் குடம் தூக்கக்கூடாது. 6 வாரத்துக்குக் கனமே வேண்டாம்.

சினைப்பைகளையும் எடுத்திருந்தால் திடீரென உடல் கொதிக்கும், தூக்கம் கெடும், அழுகை வரும். அது ஹார்மோன் குறைவு. அதற்கு டாக்டரைத்தான் பார்க்க வேண்டும். தொப்பை குறையும் என்று கடைக்காரர் சொன்னால் நம்பாதீர்கள்.