1.5 டர்போ ஆட்டோமேட்டிக்: காரைக்குடி வெயிலில் 60,000 கிலோமீட்டர்

2025 செப்டம்பர் 22-இல் ஜிஎஸ்டி 45 சதவீதத்திலிருந்து 40-க்கு இறங்கியதும் காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் இந்தக் கேள்வி அதிகமாகக் காதில் விழுகிறது: "அந்த 1.5 டர்போ ஆட்டோமேட்டிக் எடுக்கலாமாண்ணே? ஓடும்போதே பாதி எஞ்சின் நின்றுவிடுமாமே, சீக்கிரம் போய்விடாதா?" ஃபோக்ஸ்வாகனின் வெர்டஸ், டைகுன், ஸ்கோடாவின் ஸ்லாவியா, குஷாக் நான்குக்கும் பதில் ஒன்றுதான். 1,498 சிசி எஞ்சினும், டிஎஸ்ஜி என்ற 7 கியர் இரட்டைக் கிளட்ச் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸும் நான்கிலும் பொது. 150 குதிரைத்திறன், 250 நியூட்டன் மீட்டர் என்பதெல்லாம் கேட்பவருக்கே தெரியும். 60,000 கி.மீ. ஓட்டத்துக்குப் பிறகு சொல்ல முடிவது இது: பெட்ரோல் மிச்சத்துக்காக நான்கில் இரண்டு சிலிண்டர் நிற்பதைப் பற்றிய பயம் வீண். கவலைப்பட வேண்டிய இடம் கியர்பாக்ஸ். அதிலும் "லைஃப்டைம் ஆயில் சார், தொடவே வேண்டாம்" என்று சர்வீஸ் கவுன்ட்டரில் சொல்கிறார்களே, அந்தச் சொல்.

முதலில் சிலிண்டர். பயம் அமெரிக்க வி8 (எட்டு சிலிண்டர்) கார்களின் வீடியோக்களிலிருந்து வந்தது. 1981-இல் காடிலாக் 8-6-4 என்று சிலிண்டர்களை நிறுத்திப் பார்த்தது. அன்றைய எலெக்ட்ரானிக்ஸுக்கு அந்த வேகம் இல்லாததால் அடுத்த ஆண்டே பெரும்பாலான மாடல்களிலிருந்து எடுத்துவிட்டார்கள். பின்னால் வந்த ஜெனரல் மோட்டார்ஸ் வி8-கள் பலவற்றில் 1, 4, 6, 7 சிலிண்டர்கள் நிற்கும். அவற்றை நிறுத்துவது, வால்வைத் தள்ளும் லிஃப்டருக்குள் இருக்கும் ஒரு சின்னப் பூட்டு. பூட்டைத் தள்ளுவது எஞ்சின் ஆயிலின் அழுத்தம். ஆயில் கசடானால் பூட்டு சிக்கும், சிக்கிய லிஃப்டர், வால்வுகளை இயக்கும் தண்டான கேம்ஷாஃப்டையும் அரித்துவிடும். அங்கே அந்தப் பயத்துக்குக் காரணம் உண்டு.

நம் காரில் இருப்பது வேறு அமைப்பு. ஃபோக்ஸ்வாகன் 2012-இல் போலோ புளூஜிடியின் 1.4 எஞ்சினில் இதைக் கொண்டுவந்தது. கேம்ஷாஃப்டின் மேல் ஒரு உறை பக்கவாட்டில் நகரும். அந்த உறையில் ஒரு சுருள் பள்ளம். மின்காந்த ஊசி ஒன்று பள்ளத்துக்குள் இறங்கினால் உறை நகர்ந்து, வால்வைத் தள்ளும் முட்டுக்குப் பதிலாக வெறும் வட்டம் வந்து நிற்கும். 2-ஆம், 3-ஆம் சிலிண்டர்களின் உள்வால்வும் வெளிவால்வும் மூடியே இருக்கும், பெட்ரோலும் தீப்பொறியும் நிற்கும். எஞ்சின் வேகத்தைப் பொறுத்து 13 முதல் 36 மில்லி விநாடிக்குள் மாற்றம் முடிந்துவிடும். லிஃப்டர் பூட்டு என்று எதுவும் இல்லாததால், அமெரிக்க வீடியோவில் பார்த்த கோளாறு இங்கே வர வழியில்லை.

ஏன் 2-ம் 3-ம்? எரியும் வரிசை 1-3-4-2. அதில் 3-ஐயும் 2-ஐயும் எடுத்துவிட்டால் 1-ம் 4-ம் சுற்றுக்கு ஒரு முறை என்று சம இடைவெளியில் எரியும். அதனால்தான் உதறல் தெரிவதில்லை. மிச்சமும் வெறுமே இரண்டு சிலிண்டருக்குப் பெட்ரோலை நிறுத்துவதால் மட்டும் வருவதில்லை. அதே இழுவையைத் தர மற்ற இரண்டும் கூடுதலாக உழைக்க வேண்டும். அதற்காகக் காற்று நுழையும் மூடியான த்ராட்டில் அகலமாகத் திறக்கும். மூச்சுத் திணறிக் காற்றை இழுக்கும் வேலை குறைகிறது. அங்கேதான் பெட்ரோல் மிஞ்சுகிறது.

இதன் அருமை தெரிவது திருமயம் தாண்டிப் புதுக்கோட்டைப் பக்கம் நேராகக் கிடக்கும் சாலையில். 80-இல் க்ரூஸ் கன்ட்ரோலைப் போட்டுவிட்டால் மீட்டரில் இரண்டு சிலிண்டர் குறிப்பு வந்து அப்படியே நிற்கும். மீட்டரைப் பார்க்காதவருக்கு மாற்றம் தெரியவே தெரியாது. காதைத் தீட்டிக் கேட்டால் காலடியில் மெல்லிய முனகல் ஒன்று இருக்கும், அவ்வளவுதான். முன்னால் போகும் மணல் லாரியைத் தாண்ட மிதித்தால், கால் அழுந்தி முடிவதற்குள் நான்கும் வந்துவிடும். இத்தனை சுத்தமான வேலைப்பாட்டை இந்த விலைக் காரில் பார்ப்பது மனசுக்கு நிறைவாக இருக்கிறது. இப்படிச் சீராகப் போனால் லிட்டருக்கு 20-ஐத் தாண்டும். செக்காலை ரோட்டுக்குள் அதே கார் 10, 11 தான் தரும்.

ஏனென்றால் அங்கே இது வேலையே செய்யாது. எஞ்சின் சூடாகியிருக்க வேண்டும், மூன்றாவது கியரிலோ அதற்கு மேலோ இருக்க வேண்டும், நிமிடத்துக்குச் சுமார் 1,400-க்கு மேலும் 4,000-க்குள்ளும் சுற்ற வேண்டும், மிதியும் லேசாக இருக்க வேண்டும். மிதித்தும் விட்டும் ஓட்டினால் கம்ப்யூட்டர் அதைக் கவனித்து நான்கிலேயே வைத்துக்கொள்ளும். இறக்கத்தில் எஞ்சின் பிரேக் வேண்டும் என்பதாலும் நான்கும் இணைந்தே இருக்கும். ஆகவே டவுனுக்குள் குறிப்பு வரவில்லை என்று புகார் சொல்லத் தேவையில்லை.

பராமரிப்பு என்று பார்த்தால், 15,000 கி.மீ. அல்லது ஓராண்டு என்ற கம்பெனிக் கணக்கை 10,000-க்குக் குறைத்துக்கொள்வது நல்லது. சிலிண்டர் நிறுத்தத்துக்காகச் சொல்லவில்லை. டர்போவுக்காகவும், வீட்டுக்கும் கடைக்கும் இடையே 3 கி.மீ. ஓடி அணைக்கும்போது ஆயிலில் கலந்துவிடும் பெட்ரோலுக்காகவும். கையேட்டில் உள்ள ஆயில் தர எண் டப்பாவின் பின்புறத்தில் அச்சாகியிருக்கிறதா என்று பாருங்கள். வெறும் பிசுபிசுப்பு எண் மட்டும் பொருந்தினால் போதாது. 2-இலோ 3-இலோ மிஸ்ஃபயர் (சரியாக எரியவில்லை) என்று ஸ்கேனர் சொன்னால் உடனே எஞ்சின் ஹெட்டைக் கழற்ற விடாதீர்கள். ப்ளக்குக்கு மின்சாரம் தரும் காயிலைப் பக்கத்துச் சிலிண்டருக்கு மாற்றிப் போடுங்கள். கோளாறும் கூடவே நகர்ந்தால் காயில்தான். நகராவிட்டால் ப்ளக், இன்ஜெக்டர், அதன் பிறகுதான் கேம் மேலிருக்கும் மின்காந்த ஊசியும் அதன் கனெக்டரும்.

இனி கியர்பாக்ஸ்.

டிக்யூ200 என்ற இந்தப் பெட்டி 2008 முதல் இருக்கிறது. கிளட்ச் இரண்டும் உலர்ந்தவை, ஆயிலில் நனையாதவை. ஒரு கிளட்ச் 1, 3, 5, 7-ஐ இழுக்கும். மற்றது 2, 4, 6-ஐயும் ரிவர்ஸையும் இழுக்கும். சூட்டைக் கொண்டுபோக ஆயில் இல்லை, சுற்றியிருக்கும் காற்றுதான். சித்திரை வெயிலில் 40 டிகிரியைத் தொடும் ஊரில், தார்ச்சாலை அனலுக்கு மேல் ஊர்ந்துகொண்டு, அந்தக் காற்றை நம்பியிருக்க வேண்டும். இந்தக் காரின் மேல் உள்ள கோபம் முழுவதும் இங்கேதான்.

ஐடிலில் முதல் கியர் முழுதாகப் பிடித்து நகர, மணிக்கு 6, 7 கி.மீ. வேகமாவது வேண்டும். அதற்குக் கீழே போனால் கிளட்ச் வழுக்கியே ஆக வேண்டும், வழுக்கினால் சூடு. தைப்பூசத்துக்குப் பழனி நடக்கும் கூட்டம் குன்றக்குடி, பிள்ளையார்பட்டி, திருப்பத்தூர் சாலையை நிறைக்கும் நாட்களில் கார் போவது நடைவேகத்தில். உலர்ந்த கிளட்சுக்கு அதைவிடக் கெட்ட பாதை கிடையாது. அப்போது செய்ய வேண்டியது, முன்னால் இரண்டு கார் நீளம் இடம் விழும்வரை பிரேக்கை அழுத்தி நிற்பது, பிறகு ஒரேயடியாக நகர்வது. பிரேக்கை நன்றாக அழுத்தினால்தான் கிளட்ச் முழுதாக விடும். லேசாகத் தொட்டுக்கொண்டு உருட்டினால் பாதி பிடித்தபடி தேயும். 10-க்கும் 15-க்கும் இடையே போகும்போது மேனுவலுக்குத் தள்ளி முதல் கியரிலேயே வையுங்கள். 1-இலிருந்து 2, 2-இலிருந்து 1 என்று அது தடுமாறி இடிப்பது நின்றுவிடும். ஏற்றத்தில் ஆக்ஸிலேட்டரை மிதித்து வண்டியை நிறுத்தி வைப்பது கூடவே கூடாது. கியர்பாக்ஸ் சூடு என்று மீட்டர் சொன்னால் நிழலில் ஒதுக்கி, பி-யில் போட்டு, எச்சரிக்கை அணையும்வரை காத்திருங்கள்.

செட்டிநாட்டுக்கே உரிய இன்னொரு கிளட்ச் எமன் வீட்டு வாசலில் இருக்கிறது. நம் வீடுகளின் அடித்தளம் உயரம். கார் ஏற வைத்திருக்கும் சரிவு பெரும்பாலும் குட்டையாகவும் செங்குத்தாகவும் இருக்கும். தெருவிலிருந்து ரிவர்ஸில், அங்குலம் அங்குலமாக, தூணில் இடிக்காமல் ஏற்றுகிறோம். அத்தனை பாரமும் ரிவர்ஸ் இழுக்கும் அந்த ஒரு கிளட்சின் மேல். நாளுக்கு இரண்டு முறை இப்படி ஏற்றினால், 2-இலும் 4-இலும் நடுக்கம் வந்த பிறகு காரணத்தை வேறெங்கோ தேடுவோம். முன்பக்கமாக ஏற்றி, ரிவர்ஸில் இறக்குங்கள். இறங்கும்போது பாரம் இல்லை.

ஆயிலுக்கு வருவோம். இந்தப் பெட்டிக்குள் ஆயில் இரண்டு வகை. பற்சக்கரங்களுக்கு சுமார் 1.7 லிட்டர் கியர் ஆயில். மெகட்ரானிக் என்ற கட்டுப்பாட்டுப் பகுதிக்குத் தனியாக சுமார் 1 லிட்டர் ஹைட்ராலிக் ஆயில். இரண்டும் கலக்கக் கூடாது. இரண்டிலும் சாதாரண ஏடிஎஃப் (மற்ற ஆட்டோமேட்டிக்குகளின் ஆயில்) ஊற்றக் கூடாது. "எல்லா ஆட்டோமேட்டிக்குக்கும் இது ஒன்றே போதும்" என்று டப்பாவை நீட்டும் கடையில் நிற்காதீர்கள்.

'லைஃப்டைம்' என்ற சொல் ஏன் எரிச்சலூட்டுகிறது என்றால், இதே பெட்டியில் ஆயில் தவறாகப் போன வரலாறு இருக்கிறது. 2013 நவம்பரில் ஃபோக்ஸ்வாகன் உலகெங்கும் சுமார் 16 லட்சம் கார்களைத் திரும்ப அழைத்து, இந்த 7 கியர் பெட்டியில் இருந்த செயற்கை ஆயிலை வடித்துவிட்டுக் கனிம ஆயில் ஊற்றியது. வெப்பமும் ஈரப்பதமும் மிகுந்த ஊர்களில், நின்று நின்று போகும் போக்குவரத்தில், பழைய ஆயிலால் பெட்டியின் மின் இணைப்பில் கோளாறு வரலாம் என்பதுதான் சொன்ன காரணம். மத்திய மின்வேதியியல் ஆய்வகம் இருக்கும் காரைக்குடிக்காரர்களுக்கு, ஆயிலும் மின்சாரமும் உலோகமும் ஒரே இடத்தில் வெந்தால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை. இன்றைய கார்களில் அந்த ஆயில் இல்லை. ஆனால் பெட்டிக்குள் ஊற்றியதை ஆயுள் முழுக்க மறந்துவிடலாம் என்று யாராவது சொன்னால் அதை நம்ப இந்த வரலாறு இடம் தரவில்லை.

60,000-இல் கியர் ஆயிலை மாற்றச் சொல்வது என் முடிவு. கம்பெனி அட்டவணையில் அது கிடையாது. வேலை பெரிதல்ல. காரை நான்கு பக்கமும் சமமாகத் தூக்கி, ஓடி வந்த இளஞ்சூட்டில் அடி போல்ட்டைக் கழற்றி வடிய விடுங்கள். லெவல் பார்க்கும் துளை இல்லாததால் வடிந்ததை அளக்க வேண்டும். 1.7-க்கு வெகுவாகக் குறைந்தால் எங்கோ கசிவு இருக்கிறது. புது ஆயிலையும் அளந்தே ஊற்ற வேண்டும். மேலே காற்றுத்துளை மூடிகள் இரண்டு இருக்கும்: ஒன்று கியர் பகுதிக்கு, மற்றது மெகட்ரானிக்குக்கு. மூடியை மாற்றித் திறந்து ஊற்றியவர்கள் மெகட்ரானிக்கையே மாற்றும்படி ஆகியிருக்கிறது. ஆகவே மெக்கானிக் எதில் குழாயைச் செருகுகிறார் என்று பக்கத்தில் நின்று பாருங்கள். மெகட்ரானிக் ஆயிலை, அந்தப் பகுதியைக் கழற்றாதவரை, தொட வேண்டாம். கிளட்ச் மாற்றப் பெட்டியை இறக்கும்போது அந்த மூடியை அடைக்கச் சொல்ல மறக்காதீர்கள். சாய்ந்தால் கொட்டும், கொட்டியதைக் கண்டுபிடிக்க வழி கிடையாது.

பேட்டரியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மெகட்ரானிக்கின் அழுத்தம் மின் பம்பிலிருந்து வருகிறது. பேட்டரி தளர்ந்தால் கியர் கோளாறு என்ற எழுத்துதான் முதலில் வரும். சிக்னலில் எஞ்சினைத் தானே அணைத்து எழுப்பும் ஸ்டார்ட்-ஸ்டாப் பல நாளாக வேலை செய்யவில்லை என்றால் பேட்டரியைச் சோதித்துவிட்டுப் பிறகு மெகட்ரானிக்கைப் பற்றிப் பேசுங்கள்.

ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ் 2017 போன்ற ஈரக் கிளட்ச் 6 கியர் பெட்டி வைத்திருப்பவர்களுக்கு நேர் எதிர் விதி: 60,000-க்கு ஒரு முறை ஆயிலும் ஃபில்டரும் கட்டாயம். அதில் லெவல் பார்ப்பது ஆயில் 35-இலிருந்து 45 டிகிரிக்குள் இருக்கும்போது, எஞ்சின் ஓட, ஓவர்ஃப்ளோ குழாய் வழியாக. நம் ஊர் மே மாத மதியத்தில் ஷெட்டில் நிற்கும் காரின் ஆயிலே 40-ஐ நெருங்கியிருக்கும். சூட்டில் விரிந்த ஆயில் அதிகமாக வழியும், குளிர்ந்த பிறகு பெட்டிக்குள் குறைவாக மிஞ்சும். விடியற்காலை 6 மணிக்கு, ஸ்கேனரில் சூட்டைப் பார்த்துக்கொண்டே செய்யச் சொல்லுங்கள்.

பழைய கார் வாங்குபவர் இரண்டு கிளட்சின் தேய்மான அளவையும், எத்தனை முறை அளவுக்கு மேல் சூடேறியது என்ற பதிவையும் ஸ்கேனரில் படிக்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள். ஓடோமீட்டர் சொல்லாததை அது சொல்லும். கோயில் வீதியிலும் கல்லுக்கட்டியிலும் மட்டுமே ஓடிய 20,000 கி.மீ. காரைவிட, திருச்சிக்கும் மதுரைக்கும் ஓடிய 70,000 கி.மீ. கார் மேலானது.

இத்தனை குறை சொன்ன பிறகும் பதில், எடுங்கள் என்பதுதான். இதே எஞ்சின் 6 கியர் மேனுவலிலும் வந்திருக்கிறது, சிலிண்டர் நிறுத்தமும் அதில் உண்டு. கணக்குப் பார்த்தால் காரைக்குடிக்கு அதுதான் சரி. ஆனால் திருமயம் சாலையில் இந்தப் பெட்டி கியர் மாற்றும் விதத்தைப் பார்த்த பிறகு கணக்கின் பக்கம் கை போவதில்லை. வாரம் இரண்டு முறையாவது நெடுஞ்சாலை ஏறுபவர் ஆட்டோமேட்டிக்கையே எடுங்கள். புக்கிங் போடுவதற்கு முன் கொத்தனாரைக் கூப்பிட்டு வாசல் சரிவை இன்னும் நான்கைந்து அடி நீட்டிவிடுங்கள்.