வாடகைக் காரில் கெமாமான் வரை: கார் நல்லது, கவுண்டர்தான் சரியில்லை

ஜூன் பள்ளி விடுமுறையில் ஐந்து நாள், மலேசியாவின் கிழக்குக் கரையோரமாகப் போய்வந்தோம். நான், மனைவி, மகள், அப்புறம் முன் சீட் தனக்குத்தான் என்று ஒரு வாரம் முன்பே சொல்லி வைத்துவிட்ட மாமனார். சொந்தக் கார் கிடையாது, சிங்கப்பூரில் கார் வைத்திருக்க வாங்கவேண்டிய சிஓஇ உரிமச் சான்றிதழ் விற்கிற விலைக்கு வாங்கப்போவதும் இல்லை, அதனால் சிங்கப்பூரிலேயே வாடகைக்கு எடுத்தோம். நிறுவனத்தின் பெயர் வேண்டாம்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். கார் அருமை. நாலு பேர், இரண்டு பெட்டி, ஒரு ஐஸ் பெட்டி எல்லாம் ஏறியும் மேட்டில் முனகவில்லை, ஏர்கான் நடுமத்தியான வெயிலிலும் பல்லைக் கிட்ட வைத்தது. மலேசியாவுக்குள் நுழைய வெளிநாட்டு வண்டிக்கு வேண்டிய விஇபி அனுமதி வில்லையும் கண்ணாடியில் ஒட்டியே கொடுத்தார்கள். 2025 ஜூலையிலிருந்து அது இல்லாத சிங்கப்பூர்க் காருக்கு 300 ரிங்கிட் அபராதம், அதனால் இது சின்ன விஷயமில்லை.

ஆனால் சாவி வாங்கி உட்கார்ந்து பார்த்தால் பெட்ரோல் மீட்டரில் எட்டுக் கோட்டுக்கு நாலுதான் எரிகிறது. உட்லண்ட்ஸோ துவாஸோ, சிங்கப்பூர் வண்டி எல்லை தாண்ட முக்கால் டேங்க் இருந்தாக வேண்டும், அதாவது ஆறு கோடு. மலேசியா போகிறோம் என்று பதிவு செய்யும்போதே சொல்லி, அதற்கென்று கூடுதல் கட்டணமும் கட்டியிருக்கிறோம். கவுண்டரில் இருந்த தம்பி, "எப்படி எடுத்தீங்களோ அப்படியே திருப்பிக் கொடுத்தால் போதும்" என்றார். போதும் சரி, சோதனைச்சாவடி அதிகாரியிடம் இதை யார் சொல்வது? விடியற்காலை ஐந்தரைக்கு, சிங்கப்பூர் விலையில் பெட்ரோல் ஊற்றிக்கொண்டு கிளம்பினோம். டோல் கட்டக் காரோடு கொடுத்த டச் அண்ட் கோ அட்டையில் ஏழு ரிங்கிட் மீதம். வெளிநாட்டு வண்டிக்கு சாலைக் கட்டணம் மட்டுமே 20 ரிங்கிட். ஜோகூர் பக்கத்துக் கட்டணச் சாவடியில் தடுப்பு திறக்கவில்லை, பின்னால் ஹாரன் சத்தம், மாமனார் கண்ணாடியை இறக்கி எல்லாரிடமும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தார்.

கோத்தா திங்கி தாண்டியதும் அந்த எரிச்சல் எல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. கூட்டரசுச் சாலை எண் மூன்றுதான் நாங்கள் பிடித்தது. டோல் இல்லை, பெரும்பாலும் போக ஒன்று வர ஒன்று, இரண்டு பக்கமும் செம்பனைத் தோட்டம், இடையில் யானை குறுக்கே வரலாம் என்று மஞ்சள் பலகை. முன்னால் ஒரு செம்பனைக் குலை லாரி மாட்டினால் அரை மணி நேரம் அதன் பின்னால்தான், அவசரப்பட்டுக் கோட்டைத் தாண்டி முந்த வேண்டாம். வேகமாகப் போகவேண்டும் என்றால் நெடுஞ்சாலை இருக்கிறது, அது வேறு பயணம்.

மெர்சிங்கில் முதல் இரவு. தியோமான் தீவுக்குப் படகு பிடிக்க எல்லாரும் ஓடுகிற ஊர், நாங்கள் ஓடாமல் அங்கேயே மீன் சாப்பிட்டுத் தூங்கினோம். மறுநாள் எண்டாவ், ரொம்பின் வழியாகப் பெக்கான். பகாங் ஆறு கடலைத் தொடும் இடம் அது, பாலத்தில் போகும்போது ஆற்றின் அகலத்தைப் பார்த்து மகள் இதுதான் கடலா என்று கேட்டாள். குவாந்தானை வேகமாகத் தாண்டினோம், நகரம் நமக்கு இங்கேயே இருக்கிறது. செராத்திங்கில் இரண்டு இரவு. அங்கே அலையும் மணலும்தான், வேறு செய்வதற்கு ஒன்றுமில்லை, அதற்குத்தானே போனது.

கெமாமானில் சாத்தார் என்கிற மீன் பலகாரம். அரைத்த மீனில் தேங்காய், மிளகாய் சேர்த்து, வாழையிலையில் சின்னக் கூம்பாக மடித்து, நாலைந்தைக் குச்சியில் கோத்துக் கரியடுப்பில் வாட்டுகிறார்கள். இலை ஓரம் கருகி, பிரித்ததும் நம்ம ஊர் மீன் புட்டை யாரோ அடுப்பில் சுட்டது போல ஒரு வாசம். மாமனார் ஒன்பது தின்றார். எண்ணினேன்.

இரண்டு விஷயம் கவனியுங்கள். பெட்ரோல் போடும்போது மஞ்சள் குழாயைத் தொடாதீர்கள், அது ரோன் 95 ரகப் பெட்ரோல், வெளிநாட்டு வண்டிக்கு அனுமதி இல்லை, பச்சைக் குழாய் ரோன் 97தான் நமக்கு. அப்புறம் நவம்பர் முதல் பிப்ரவரி வரை அந்தப் பக்கம் பருவமழை, கடல் கொந்தளிக்கும், அப்போது போய்விட்டுக் கரை நன்றாக இல்லை என்று சொல்லாதீர்கள்.

காரைத் திருப்பிக் கொடுத்த மூன்றாம் நாள் மின்னஞ்சல்: இடது முன் சக்கர விளிம்பில் கீறல், முன்பணத்தில் 180 சிங்கப்பூர் வெள்ளி பிடித்தம். நல்லவேளை, எடுக்கும்போதே காரைச் சுற்றி வீடியோ எடுத்திருந்தேன். "அதெல்லாம் வேண்டாம் அங்கிள்" என்று அந்தத் தம்பி சொல்வதும் அதில் பதிவாகியிருக்கிறது, அவர் குரலுக்குப் பின்னாலேயே அந்தக் கீறலும் பளிச்சென்று தெரிகிறது. அனுப்பினேன். ஐந்து நாள் கழித்துப் பணம் முழுதாக வந்தது, வருத்தம் தெரிவித்து ஒரு வரி கூட வரவில்லை.

ஐந்துக்கு மூன்று நட்சத்திரம். மாமனார் நாலு கொடுக்கச் சொல்கிறார். அவர் வாடகை கட்டவில்லை.