மலையக மழைக்கு வண்ணக் கூரைத் தகடு: வாங்கியும் பொருத்தியும் கண்டவை

ஹட்டன், நோர்வூட், மஸ்கெலியா பக்கங்களில் புதிதாக எழும் வீடுகளிலும், பழைய தகரத்தை இறக்கிவிட்டுக் கூரை மாற்றும் வீடுகளிலும் இப்போது அதிகமாகக் காணப்படுவது, ‘அமானோ சீட்’ என்று கேட்டு வாங்கப்படும் வண்ணம் பூசிய உருக்குத் தகடுதான். எங்கள் வீட்டுக்கும் அதையே போட்டோம். ஹட்டன் நகரில் உள்ள ஒரு ஹார்ட்வெயார் கடையில் தகட்டை வாங்கி, அந்தக் கடையே ஏற்பாடு செய்துகொடுத்த பாஸ்மாரை (கூரை வேலை செய்பவர்களை)க் கொண்டு பொருத்தினோம். தென்மேற்குப் பருவமழை முழுவதையும் கூரை தாங்கிய பிறகே இதை எழுதுகிறேன். தகடு நல்ல பொருள், நம் மலைக்கு ஏற்ற பொருள். ஆனால் வீடு ஒழுகாமல் இருப்பது தகட்டைவிடப் பொருத்தும் முறையிலேயே அதிகம் தங்கியிருப்பதால், அந்த வேலையைப் பற்றித்தான் இங்கு விரிவாக எழுத வேண்டியுள்ளது.

தோட்டத் தொழிலாளர் குடியிருப்புகளான லயங்களின் பழைய தகரம் துத்தநாகம் மட்டும் பூசப்பட்டது. இந்தப் புதிய தகட்டின் இருபுறமும் 55 சதவீதம் அலுமினியமும், ஏறத்தாழ 43.5 சதவீதம் துத்தநாகமும், சிறிதளவு சிலிக்கனும் சேர்ந்த கலவை பூசப்பட்டு, அதன்மேல் வண்ணம் ஏற்றப்படுகிறது. அலுமினியம் நீண்டகாலம் துருவைத் தடுக்கிறது. துத்தநாகமோ வெட்டிய விளிம்புகளையும் கீறல்களையும் காக்கிறது.

வாங்கும்போது கேட்க வேண்டிய முதற் கேள்வி தடிப்பைப் பற்றியது. கடையில் 0.47 மில்லிமீற்றர் என்றார்கள். அது இரும்பின் தடிப்பா, பூச்சும் வண்ணமும் சேர்ந்த மொத்தத் தடிப்பா என்று கேட்டதும், விற்பனையாளர் உள்ளே சென்று பார்த்துவந்து, மொத்தத் தடிப்புத்தான் என்று மறைக்காமல் சொன்னார். சதுர மீற்றருக்கு 150 கிராம் என்ற அளவிலான உலோகப் பூச்சு இருபுறமும் சேர்ந்து சுமார் 0.04 மில்லிமீற்றர் வரும். வண்ணமும் ஏறக்குறைய அவ்வளவு சேரும். ஆகவே 0.47 என்று விற்கப்படும் இத்தகைய தகட்டில் இரும்பு 0.40க்குக் கிட்டத்தான் இருக்கும். வீட்டுக் கூரைக்கு அது போதுமானது. விலை குறைவென்று 0.30ஐயோ அதற்கும் மெல்லியதையோ வாங்கினால், ஆள் ஏறி நடக்கும்போதே தகட்டின் நெளிவு மேடுகள் நசுங்கும். பலத்த காற்றில் திருகாணியைச் சுற்றித் தகடு கிழியவும் கூடும். இந்த விவரம் விலைச்சிட்டையிலேயே எழுதப்பட்டிருக்க வேண்டும். கேட்டால்தான் தெரியும் என்ற நிலை இந்தக் கடையின் குறை.

ஓடு போடலாமே என்று சிலர் கேட்டார்கள். ஓட்டின் கீழ் வீடு இதமாக இருக்கும் என்பது உண்மைதான். ஆனால் சதுர மீற்றருக்கு நாற்பது கிலோவைத் தாண்டும் அதன் பாரத்தைத் தாங்கக் கைமரமும் அதன் குறுக்கே அடிக்கும் சலாகையும் வேறு தரத்தில் வேண்டும். தகட்டின் பாரம் அதில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்குதான். அஸ்பெஸ்டஸ் சீட்டை நாங்கள் கணக்கிலேயே எடுக்கவில்லை. எல்லா வகை அஸ்பெஸ்டஸும் மனிதருக்குப் புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் வகைப்படுத்தியுள்ளது. இலங்கையில் நீல அஸ்பெஸ்டஸ் 1987இல் தடைசெய்யப்பட்டது. வெள்ளை அஸ்பெஸ்டஸ் இறக்குமதியை 2018 முதல் கட்டுப்படுத்த அரசாங்கம் எடுத்திருந்த முடிவோ, வெள்ளை அஸ்பெஸ்டஸை ஏற்றுமதி செய்யும் ரஷ்யா, 2017 டிசம்பரில் நமது தேயிலைப் பொதியில் வண்டு கண்டதாகக் கூறித் தேயிலை இறக்குமதியை நிறுத்தியதையடுத்துக் கைவிடப்பட்டது. கொழுந்து பறிப்பவர்களின் தலைக்கு மேல் எந்தக் கூரை இருப்பது என்பதும் அவர்கள் பறித்த கொழுந்தின் விற்பனையும் இப்படி ஒன்றாகப் பிணைக்கப்பட்டது இன்றும் மனத்தை உறுத்துகிறது.

பொருத்தும் வேலை காற்றின் திசையைப் பார்ப்பதில் தொடங்குகிறது. மலையகத்தின் மேற்குச் சரிவில் மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்கிலிருந்தே மழை சாய்ந்தடிக்கிறது. பதுளைப் பக்கத்தில் வடகிழக்கு மழைதான் பெரிது. அதோடு ஆடி மாதக் கச்சான் காற்று மழையே இல்லாமலும் கூரையைப் பெயர்க்கும். எனவே மழைக்காற்று வரும் பக்கத்துக்கு எதிர்முனையிலிருந்து தகடு போட்டுவர வேண்டும். அப்போது ஒவ்வொரு தகடும் முந்தையதன் மேல் ஏறி, இணைப்பின் வாய் காற்றுக்கு முதுகு காட்டி நிற்கும். எங்களுக்கு வேலை செய்த தலைமைப் பாஸ் ஏணியை வைப்பதற்கு முன்பே எந்தப் பக்கத்துச் சுவர் பாசி பிடித்திருக்கிறது என்று சுற்றிப் பார்த்தார். அதிலேயே அவர் மீது நம்பிக்கை வந்தது. பக்கவாட்டில் ஒரு முழு மேடும், நீளவாக்கில் குறைந்தது 150 மில்லிமீற்றரும் ஒன்றன்மேல் ஒன்று ஏற வேண்டும். சரிவு குறைந்த கூரையில் 200 வரை வைப்பது நல்லது. முகட்டிலிருந்து இறவாணம் வரை ஒரே நீளமாக வெட்டி வாங்கினால் நீளவாக்கு இணைப்பே தேவையில்லை. ஆனால் தோட்டத்துப் பாதையில் லொறி திரும்ப முடியாத இடங்களில், நீண்ட தகட்டை மடங்காமல் தோளில் சுமந்து செல்லப் போதிய ஆள்கள் வேண்டும்.

திருகாணி இறங்க வேண்டிய இடம் மேடு. தண்ணீர் ஓடும் பள்ளம் அன்று. ஒவ்வொரு திருகாணியின் தலைக்குக் கீழும் கறுப்பு றப்பர் வாஷர் ஒன்று உண்டு. அந்த றப்பரின் விளிம்பு உலோக வளையத்தின் ஓரத்தில் மெல்லிய கோடாகத் தெரிந்தால் இறுக்கம் சரி. பிதுங்கி வெளியே வந்திருந்தால் அது வெயிலில் வெடித்துவிடும். வாஷரைக் கையால் சுழற்ற முடிந்தால் அன்றைய மழையிலேயே ஒழுகும். ஆறு மீற்றர் நீளத் தகடு, நாற்பது பாகை வெப்ப வேறுபாட்டில் கிட்டத்தட்ட மூன்று மில்லிமீற்றர் நீண்டு சுருங்கும் என்பதால், பழைய தகரத்துக்கு அடித்தது போல ஆணி அடித்தால் அது நாளடைவில் தளர்ந்துவிடும்.

இளைய பாஸ் ஒருவர் தகட்டை வெட்ட கிரைண்டரை எடுத்தபோது நிறுத்தச் சொன்னோம். அதன் சூடு பூச்சை விளிம்போடு எரித்துவிடும். பறக்கும் இரும்புத் துகள்கள் தகட்டில் ஒட்டித் துருப்புள்ளிகளாகும். மறுப்பில்லாமல் கத்தரிக்கு மாறினார்கள். அன்றாடம் மாலையில் திருகாணித் துகள்களையும் கூட்டி இறக்கினார்கள். அடுப்படிப் புகைக்கூண்டைச் சுற்றிச் சீமெந்து அப்புவதுதான் இங்கு வழக்கம். ஈரச் சீமெந்தின் காரம் அலுமினியப் பூச்சை அரித்துவிடும். அயல் வீட்டில் அந்த இடம் மட்டும் வண்ணம் கொப்பளித்து உரிந்திருப்பதைக் கண்டிருந்ததால், அதே நிறத் தகட்டை மடித்து, சுவரில் ஏற்றிச் செருகி, கூரைக்குரிய பசையால் அடைக்கச் செய்தோம். அங்கு ஈயத் தகடும் வைக்கக்கூடாது.

இந்தத் தகட்டுக்கு உள்ள உண்மையான குறை குளிர்காலத்தில் தெரிகிறது. தை மாத விடியலில் வெளியே பனியும் உள்ளே விறகடுப்பின் ஆவியும் சேரும்போது தகட்டின் அடிப்புறம் வியர்த்துச் சொட்டும். ஒழுக்கென்று நினைத்துத் திருகாணிகளை மறுபடி இறுக்குபவர்கள் உண்டு. சலாகைக்கு மேல், தகட்டுக்குக் கீழே, அலுமினியத் தாள் ஒட்டிய நுரைப்பாயை விரித்தால் இது பெரிதும் அடங்கும். மழையின் இரைச்சலும் குறையும், ஆனால் முற்றாக நிற்காது. கடை தந்த மதிப்பீட்டில் இந்தப் பாய் சேர்க்கப்படவில்லை. நுவரெலியாவைப் போன்ற உயரமான இடத்தவர்கள் இதை விட்டுவிடவே கூடாது.

கூரை நீரை ஏந்தும் பீலியும் அந்த மதிப்பீட்டில் இல்லை. தனியாகக் கேட்டதால் பிறகு போட்டுக்கொடுத்தார்கள். ஆனால் தாங்கிகளை அதிக இடைவெளி விட்டு அடித்திருந்ததால் முதல் பெருமழையிலேயே நடுப்பகுதி தொய்ந்துவிட்டது. சொன்னதும் வந்து, கூலி கேட்காமல் இடையிடையே தாங்கிகளைச் சேர்த்து, தகட்டின் நுனி சுமார் 50 மில்லிமீற்றர் பீலிக்குள் நீளும்படி சரிசெய்தார்கள். தகடு வாங்கும் நாளிலேயே பீலி, தாங்கி, முகட்டுத் தகடு, நுரைப்பாய் அனைத்தையும் ஒரே சிட்டையில் எழுதி வாங்குமாறு, இதே கடைக்குச் செல்பவர்களிடம் சொல்லிவருகிறேன்.