1.020-இல் நின்றுபோன முதல் பீர்: சூடா, புது ஈஸ்டா, என்சைமா?

மால்ட் எக்ஸ்ட்ராக்ட் (முளைகட்டிய பார்லியின் சாறு) கிட் வாங்கி வீட்டில் முதல் பீர் போட்டவர்கள் பலருக்கும் பழக்கமான எண் 1.020. இது பீரின் அடர்த்தி, தண்ணீருக்கு 1.000; ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று ஆல்கஹாலாக்க ஆக எண் இறங்கும். 1.045-இல் கிளம்பி 1.011 பக்கம் போய்ச் சேர வேண்டியது, பாதி வழியில் உட்கார்ந்துகொள்ளும். கணக்குப் போட்டால் நாலரை சதவீத ஆல்கஹால் வர வேண்டிய இடத்தில் 3.3 தான், வாயில் வைத்தால் தித்திப்பு வேறு. உடனே ஆளுக்கொரு வைத்தியம் சொல்வார்கள்: சூடு காட்டு, இன்னொரு பாக்கெட் ஈஸ்ட் போடு, ஷாம்பெயின் ஈஸ்ட் போடு, என்சைம் போடு, பேசாமல் விட்டுவிடு. இவை எல்லாம் ஒரே நோய்க்கான மருந்துகள் இல்லை.

முதலில், நிஜமாகவே நின்றுவிட்டதா? ஏர்லாக்கில் (வாயுவை வெளியே மட்டும் விடும் அடைப்பு) குமிழி வரவில்லை என்பதை வைத்து எதுவும் சொல்ல முடியாது, பக்கெட் மூடி ஓரமாகக் கசிந்தாலும் குமிழி வராது. அடர்த்தி காட்டும் மிதவையான ஹைட்ரோமீட்டரில் வாயுக் குமிழ்கள் ஒட்டிக்கொண்டு அதைத் தூக்கிக் காட்டும், ஆகவே எடுத்த பீரை நன்றாகக் குலுக்கி வாயுவைப் போக்கிவிட்டு, மீட்டரை ஒரு சுழற்று சுழற்றிப் பாருங்கள். ஒளி வளைவதை வைத்துச் சர்க்கரையை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டர் வைத்திருப்பவர்கள் இன்னும் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். ஆல்கஹால் கலந்தபின் அது பொய் சொல்லும். 11.2 பிரிக்ஸில் (அதன் சர்க்கரை அளவு, 1.045-க்குச் சமம்) தொடங்கிய பீர் இப்போது 6 காட்டினால், நேராக மாற்றிப் பார்ப்பவர் 1.024 என்று பதறுவார். ஆல்கஹாலுக்கான திருத்தம் போட்டால் அது 1.012 பக்கம், அதாவது பீர் முடிந்தே விட்டது.

நிஜமாகவே நின்றிருந்தால் என் முதல் ஓட்டு சூட்டுக்குத்தான், ஏனென்றால் செலவு ஏறக்குறைய இல்லை, கெடுவதற்கும் ஒன்றுமில்லை. இங்கே இங்கிலாந்தில் (சொந்தமாகக் குடிக்க பீர் போட 1963 முதல் லைசென்ஸ் வேண்டாம், ஊரில் இருப்பவர்கள் இதைப் படித்துவிட்டு இறங்கிவிட வேண்டாம், அங்கே சட்டம் வேறு) குளிர்காலத்தில் இரவு ஹீட்டிங்கை அணைத்தால் வீடு 15 டிகிரிக்குப் போய்விடும். எஸ்-04 மாதிரி சட்டென்று அடியில் படியும் ஈஸ்ட், குளிர் பட்டதும் வேலையைப் போட்டுவிட்டு மண்டியாகப் படுத்துக்கொள்ளும். 20, 22 டிகிரிக்கு ஏற்றி, மூடியைத் திறக்காமல் பக்கெட்டை மெல்லச் சுழற்றி மண்டியைக் கிளப்பிவிட்டு நாலைந்து நாள் விடுங்கள். கரண்டி போட்டு அடிக்காதீர்கள், இந்த நேரத்தில் காற்று புகுந்தால் பீரில் நனைந்த அட்டை வாசனை வரும்.

அதற்கும் அசையவில்லையா? அடுத்த பொருளைக் காசு கொடுத்து வாங்குமுன் ஒரு சின்னச் சோதனை. கால் லிட்டர் பீரைச் சுத்தமான ஜாடியில் எடுத்து, பீர் ஈஸ்டைத் தாராளமாகப் போட்டு, 25 டிகிரியில் இரண்டு நாள் வைத்து அவ்வப்போது குலுக்குங்கள். ஜாடி 1.011-க்கு இறங்கினால் குற்றம் ஈஸ்டுடையது. ஜாடியும் 1.019-லேயே நின்றால் குற்றம் வோர்ட்டுடையது (ஈஸ்ட் போடுமுன் இருந்த மால்ட் கரைசல்), அதாவது மிச்சம் இருப்பது டெக்ஸ்ட்ரின் என்ற, ஈஸ்டால் தின்ன முடியாத நீளச் சர்க்கரை. சாப்பாடு தீர்ந்த பந்தியில் புதிதாக ஆளைக் கொண்டுவந்து உட்கார வைத்து என்ன பயன்?

குற்றம் ஈஸ்டுடையது என்றால் புது ஈஸ்ட். ஆனால் உலர்ந்த பாக்கெட்டை அப்படியே மேலே தூவுவது எனக்கு ஒத்துக்கொள்ளாத யோசனை. ஆல்கஹால் இருக்கிற, ஆக்சிஜன் இல்லாத இடத்தில் கண் விழிக்கும் ஈஸ்டில் பெரும்பகுதி நேராக அடிக்குப் போகும். அரை லிட்டர் தண்ணீரில் 50 கிராம் உலர் மால்ட் எக்ஸ்ட்ராக்டைக் கொதிக்க வைத்து ஆற்றி, அதில் யூஎஸ்-05 என்ற பீர் ஈஸ்டைப் போட்டு, நுரை கட்டி எழும்பும்போது மொத்தமாகப் பக்கெட்டில் ஊற்றுவது எவ்வளவோ மேல். ஓடிக்கொண்டிருக்கிற ஈஸ்ட் ஓட்டத்தை நிறுத்தாது. ஷாம்பெயின் ஈஸ்ட் எதையும் தின்னும் என்ற பேச்சை நம்பாதீர்கள்: இசி-1118 போன்றவை அதிக ஆல்கஹாலைத் தாங்கும், அவ்வளவுதான், மால்ட்டில் உள்ள மால்டோட்ரயோஸ் என்ற சர்க்கரையை அவற்றால் சரியாகத் தின்ன முடியாது. நாலு சதவீத பீரில் ஆல்கஹால் தாங்குவது ஒரு பிரச்சினையே இல்லை.

வோர்ட் தான் குற்றவாளி என்றால் இரண்டே வழி. அமைலோகுளுகோசிடேஸ் என்சைம் டெக்ஸ்ட்ரினை வெட்டிக் குளுக்கோஸாக்கிவிடும், எண் கட்டாயம் இறங்கும். ஆனால் நீங்கள் நினைத்த 1.011-இல் அது நிற்காது, 1.000 வரைகூடப் போகும், பீர் தண்ணீராய் இளைத்துவிடும். தித்திப்பே இல்லாத புருட் ஐபிஏ என்ற பீர் போடுகிறவர்கள் வேண்டுமென்றே இதைச் செய்கிறார்கள், சரி. பிரவுன் ஏல், ஸ்டவுட் மாதிரி கரும் பீர்களுக்கு நான் செய்ய மாட்டேன், அப்படியே விட்டுவிடுவேன். லாக்டோஸ் (ஈஸ்ட் தின்னாத பால் சர்க்கரை) போட்ட மில்க் ஸ்டவுட் எப்படியும் அந்த எண் பக்கம்தான் முடியும், யாரும் குறை சொல்வதில்லை.

விடுவது என்று முடிவெடுத்தவர் பாட்டிலில் அடைக்கும் முன் ஒரு கணக்குப் பார்க்க வேண்டும். இறங்காமல் இருக்கிற ஒவ்வொரு புள்ளியும் (0.001) பின்னால் பாட்டிலுக்குள் இறங்கினால் சுமார் அரை வால்யூம் (பீரின் அளவில் பாதி) வாயு. 1.020-க்கும் 1.011-க்கும் இடையே உள்ள ஒன்பது புள்ளிக்கு நாலரை, நுரைக்காக அடைக்கும்போது போடும் பிரைமிங் சர்க்கரைக்கு இரண்டரை, ஆக ஏழு. சாதாரண பீர் பாட்டிலுக்கு மூன்றைத் தாண்டினாலே ஆபத்து, ஏழில் கண்ணாடி வெடிக்கும். கெக் (வால்வு உள்ள உலோகப் பீப்பாய்) வைத்திருப்பவர் அழுத்தம் ஏறினால் வால்வைத் திறந்து விட்டுக்கொள்ளலாம். பாட்டில்காரர், ஜாடியின் எண்ணும் பக்கெட்டின் எண்ணும் ஒன்றாகும்வரை மூடி அடிக்கிற கருவியைத் தொடாமல் இருக்கட்டும்.