கருப்பு நிறக் காரில் சீலண்ட் விட்டுச்செல்லும் கோடுகள்: சில ஆண்டுப் பயன்பாட்டின் அனுபவம்

சென்னையில் கருப்பு நிறக் கார் வைத்துக்கொண்டு, அதற்குத் தெளித்துத் துடைக்கும் வகைச் சீலண்ட்டை, அதாவது பெயின்ட்டின் மேல் பாதுகாப்புப் படலமாகத் தங்கும் திரவத்தை, சில ஆண்டுகளாக வீட்டிலேயே நானே பூசி வருகிறேன். நிழலில் துடைத்து முடித்தபோது குறையில்லாமல் தெரிந்த பானட்டில், மறுநாள் காலை வெயில் சாய்வாக விழும்போது துணி சென்ற பாதையெல்லாம் கோடுகளாகத் தெரிவது இவ்வகைச் சீலண்ட்டில் அடிக்கடி எழும் புகார். இதைப் பார்த்ததும் பெயின்ட் கெட்டுவிட்டதாக அஞ்சி, மெஷின் பாலிஷ் போடும் கடைக்குப் பலர் காரை ஓட்டிச் செல்கிறார்கள். பெரும்பாலான நேரங்களில் அதற்குத் தேவையே இல்லை. அந்தக் கோடு பெயின்ட்டின் குறையன்று. துடைத்தெடுக்கப்படாமல் மேலே தங்கிவிட்ட மிகுதிச் சீலண்ட்தான் அது.

ஆகவே முதலில் செய்ய வேண்டியது, தெரிவது எந்த வகைத் தடம் என்று கண்டறிவது. எண்ணெய் பட்டதுபோல் நிறம் மாறி மினுங்கி, விரலால் தேய்த்தால் நகர்ந்து கொடுக்கும் தடம், இன்னும் முழுமையாக இறுகாத சீலண்ட். வட்ட வட்டமாக, ஓரம் வெளுத்துத் தெரிபவை ஆழ்துளைக் கிணற்று நீரின் உப்புத் தடங்கள். நீரில் கலந்த வெள்ளை வினிகரை மென்மையாக ஒற்றி, உடனே நல்ல தண்ணீரால் கழுவினால் புதிய தடங்கள் பெரும்பாலும் போய்விடும். டார்ச் ஒளியைச் சுற்றிச் சிலந்தி வலைபோல் தெரியும் நுண்கோடுகளோ உண்மையான கீறல்கள்; அவற்றை எந்தத் துடைப்பும் நீக்காது. இந்த மூன்றையும் பிரித்தறியாமல் கையில் கிடைத்ததைப் போட்டுத் தேய்ப்பதால்தான் சிறிய தொல்லை பெரிதாகிறது.

சீலண்ட்டில் பாலிமரோ சிலிக்காவோ ஒரு திரவத்தில் கலந்திருக்கிறது. திரவம் ஆவியாகி, பாதுகாப்புப் படலம் மட்டும் தங்க வேண்டும். தகடு சூடாக இருந்தால் நாம் பரப்புவதற்கு முன்பே திரவம் உலர்ந்து, விழுந்த இடத்திலேயே திட்டாகப் பிடித்துக்கொள்கிறது. காற்றில் ஈரப்பதம் மிகுந்திருந்தால் மாறாக உலர்வது தாமதமாகி, துடைக்கத் துடைக்க இழுபட்டுக்கொண்டே போகிறது. நம் கடலோர ஊர்களில் இரண்டு சிக்கலும் ஒரே நாளில் வரும். எனவே விடியற்காலை ஈரம் வடிந்து, வெயில் ஏறுவதற்கு முன் உள்ள இடைவெளியில், நிழலில் வைத்து, புறங்கையால் தகட்டைத் தொட்டுப் பார்த்துக் குளிர்ச்சியாக இருந்தால் மட்டுமே தொடங்குகிறேன்.

கோடு விழுந்துவிட்டால் இருப்பதிலேயே மென்மையான வழியிலிருந்து தொடங்க வேண்டும். பூசிய அன்றே கண்டுபிடித்தால் அதே சீலண்ட்டை, பெயின்ட்டின் மேல் அல்லாமல் மைக்ரோஃபைபர் துணியின் மேல் ஒருமுறை மெல்லத் தெளித்து, கோடு உள்ள இடத்தைத் துடைத்து, ஈரம் காய்வதற்குள் இன்னொரு உலர்ந்த துணியால் எடுத்துவிட்டால் போதும். புதிதாகப் பட்ட திரவம் பழைய திட்டை இளக்கிவிடுகிறது. அதற்கும் அசையாவிட்டால், ஆர்.ஓ. தண்ணீரில் நனைத்து நன்றாகப் பிழிந்த துணி. அடுத்த நிலையில், ஐந்தில் ஒரு பங்கு அளவுக்கு ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைத் தண்ணீரில் கலந்து துடைக்கலாம். ஆனால் அது அந்த இடத்தில் உள்ள பாதுகாப்பையும் குறைத்துவிடும் என்பதால் அங்கு மறுபடியும் பூசியாக வேண்டும். சீலண்ட்டைவிடக் கெட்டியாக இறுகும் செராமிக் கோட்டிங் என்ற பூச்சு, துடைக்காமல் விட்டு மேடாக இறுகிப்போயிருந்தால் இவை எதுவும் பயன்படாது. அங்கு மட்டுமே மிருதுவான பஞ்சில் மெல்லிய பாலிஷ் தேவைப்படுகிறது. கம்பெனியில் நிறத்தின் மேல் பூசி வரும் நிறமற்ற மேற்பூச்சான கிளியர் கோட் பொதுவாக 40 முதல் 50 மைக்ரான்தான். நம் தலைமுடியின் தடிமனைவிடவும் பெரும்பாலும் குறைவு. ஒவ்வொரு பாலிஷும் அதில் சிறிது குறைக்கிறது என்பதால், ஒரு கோட்டுக்காக அதைச் செலவழிப்பதை நான் ஏற்கவில்லை.

அளவும் துணியுமே மற்ற எல்லாவற்றையும் தீர்மானிக்கின்றன. பாதி பானட்டுக்கு இரண்டு தெளிப்புக்கு மேல் வேண்டியதில்லை. கூடுதலாகப் போட்டால் கூடுதல் பாதுகாப்பு கிடைப்பதில்லை, துடைக்கும் வேலைதான் கூடுகிறது. துணியை எட்டுப் பக்கம் வரும்படி மடித்து, ஒரு பக்கம் ஈரமாகி வழுக்கத் தொடங்கியதும் அடுத்த பக்கத்துக்கு மாறிவிட வேண்டும். துவைக்கும்போது ஃபேப்ரிக் கண்டிஷனர் சேர்க்கக் கூடாது. அது இழைகளின் மேல் படிந்து, உறிஞ்சும் திறனைக் கெடுத்து, அடுத்த முறை துணியே கோடு போடும். பருத்தித் துணிகளோடு சேர்த்துத் துவைத்தால் பஞ்சு ஒட்டிக்கொள்ளும்.

இந்த முறைக்கு வந்த பிறகு பானட்டிலும் டிக்கியிலும் கோடுகள் வருவதில்லை. மழைக்காலத்திலும் நீர் முத்து முத்தாக உருண்டு ஓடுகிறது, பறவை எச்சத்தை நனைத்து ஊறவிட்டால் தேய்க்காமலே கழன்றுவிடுகிறது. இன்னும் தொல்லை தருவது கதவுகளுக்கு இடையே உள்ள பளபளப்பான கருப்புப் பிளாஸ்டிக் பட்டைகள்தாம். அவற்றின் மேல் நேராகத் தெளிப்பதே இல்லை. கதவைத் துடைத்த துணியில் எஞ்சியிருக்கும் ஈரமே அவற்றுக்குப் போதுமானதாக இருக்கிறது.