பத்தர் பட்டறைத் தங்கமும் மூன்று போட்டியாளர்களும்

ஒரு பங்கு தங்கத்தோடு மூன்று பங்கு வெள்ளியை உருக்கிச் சேர்த்து, வெடியுப்புத் திராவகத்தில் (நைட்ரிக் அமிலத்தில்) போடுவது தங்கத்தைச் சுத்தப்படுத்தும் பழைய முறை. காரைக்குடிப் பத்தர் பட்டறையில் சிறுவயதில் இதைப் பார்த்திருக்கிறேன். பழுப்புப் புகை கிளம்பும். வெள்ளி கரைந்துபோய், அடியில் மங்கிய பழுப்பாகத் தங்கம் மிஞ்சும். அந்தத் தங்கம் முழுக்கக் கண்ணுக்குத் தெரியாத துளைகள். பத்தர் அதை உடனே உருக்கிவிடுவார். ஆய்வுக்கூடத்திலோ அந்தத் துளைகள்தாம் வேண்டும். இப்படித் துளை நிறைந்த உலோகம் செய்ய இதற்குப் போட்டியாக இன்னும் மூன்று வழிகள் உண்டு.

வெள்ளி அணு ஒவ்வொன்றாக விலகும்போது, தனித்து நிற்கும் தங்க அணுக்கள் மேற்பரப்பில் நகர்ந்து ஒன்றோடொன்று சேர்ந்துகொள்கின்றன. அதனால் அடுத்த அடுக்கு வெள்ளி திறந்துகொள்கிறது. இப்படித்தான் துளை உள்ளே உள்ளே போகிறது. 2001-இல் எர்லபாக்கரும் சீராட்ஸ்கியும் உள்ளிட்ட ஆய்வாளர் குழு விளக்கியது இதைத்தான். சில பத்து நானோமீட்டர் துளைகள். நேர்த்தியில் இதற்கு ஈடில்லை. விலைதான் தடை.

விலையில் வெல்வது ரேனி நிக்கல். 1920-களில் அமெரிக்கப் பொறியாளர் முர்ரே ரேனி கண்ட வழி: நிக்கல்–அலுமினியக் கலவையைக் காஸ்டிக் சோடாக் கரைசலில் போட்டால் அலுமினியம் கரைந்து, பஞ்சு போன்ற நிக்கல் நிற்கும். தாவர எண்ணெயை வனஸ்பதியாக்க இது உதவியது. ஆனால் உலரவிட்டால் காற்றிலேயே தீப்பற்றும். நீருக்கடியில்தான் வைத்திருக்க வேண்டும்.

டைட்டானியம் போன்ற உலோகங்களுக்கு உருகிய மக்னீசியக் குளியல் இருக்கிறது. டைட்டானியம்–செம்புக் கலவையிலுள்ள செம்பு அதில் கரைந்துவிடும், டைட்டானியம் கரையாது. 650 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடு வேண்டும், துளைகளும் பருமன்.

துத்தநாகம் சேர்ந்த கலவையை வெற்றிடத்தில் சூடாக்கித் துத்தநாகத்தை மட்டும் ஆவியாக்கும் முறையை நான் மிகவும் மதிக்கிறேன். திராவகக் கழிவே இல்லை. பறந்த துத்தநாகத்தைக் குளிரவைத்துத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம்.

இருந்தாலும் எங்கள் ஊரான காரைக்குடிக்கு நான் சொல்வது முதல் வழியையே, சிறு மாற்றத்துடன். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலம் கொடுக்க, 1953-இல் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் திறக்கப்பட்ட ஊர் இது. அடர்ந்த திராவகத்துக்குப் பதில் நீர்த்த கரைசலில் மின்னழுத்தம் கொடுத்தும் வெள்ளியை வெளியேற்றலாம். மின்னழுத்தம் குறைந்தால் தங்கம் மேலே மூடிக்கொண்டு வேலை நின்றுவிடும். கூட்டினால் மீண்டும் நடக்கும். கட்டுப்பாடு நம் கையில். கரைந்த வெள்ளியையும் விட வேண்டியதில்லை, பத்தர்கள் செய்வதுபோல் கரைசலில் செம்புத் தகட்டை இட்டால் அதன்மேல் வந்து படிந்துவிடும்.