மின்சார வண்டிக்கு முன் ஒரு நோட்டு: சிறு நிறுவனங்களில் பசுமை லாஜிஸ்டிக்ஸ், நீண்ட காலப் பயன்பாட்டில் தெரிந்தவை

பசுமை லாஜிஸ்டிக்ஸ், அதாவது சரக்கை எரிபொருளும் கழிவும் குறைய அனுப்புவது, என்றதும் பலர் முதலில் மின்சார வண்டியின் விலையைத்தான் விசாரிக்கிறார்கள். அது கடைசியில் வர வேண்டியது. முதலில் வேண்டியது ஒரு நோட்டு. டிரிப் ஒன்றுக்கு ஓடிய கிலோமீட்டர், அதில் காலியாக ஓடியது, ஏற்றிய எடை, போட்ட டீசல் ஆகிய நான்கையும் ஓட்டுநரே எழுதிவிடலாம். ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் ஏறக்குறைய 2.7 கிலோ கரியமில வாயு வெளியேறும். மாத முடிவில் மொத்த லிட்டரை டெலிவரி எண்ணிக்கையால் வகுத்துப் பாருங்கள். அந்த எண் இறங்கினால்தான் உண்மையில் ஏதோ மாறியிருக்கிறது. உங்களிடம் பொருள் வாங்கும் பெரிய நிறுவனம், போக்குவரத்தின் வாயு வெளியேற்றத்தைக் கணக்கிட 2023-இல் வந்த ஐஎஸ்ஓ 14083 தரநிலைப்படி கணக்குக் கேட்டாலும் இந்தப் பதிவுதான் கைகொடுக்கும்.

அதிகப் பலன் தருவது டெலிவரி நாட்களைத் தொகுப்பதுதான். ஒரே திசையில் தினமும் அரை லோடோடு போகாமல், வாரம் இரண்டு நாள் முழு லோடோடு போக வேண்டும். திரும்பும்போது மூலப்பொருளை ஏற்றி வந்தால் காலி ஓட்டமும் குறையும். இது குலைவது ‘அவசர’ ஆர்டர்களால். முந்தைய நாள் மாலை 4 மணியோடு ஆர்டரை மூடி, பிந்தி வருவதற்குத் தனிக் கட்டணம் வைக்காவிட்டால் திட்டம் நிற்காது. காற்றுக் குறைந்த டயரும் டீசலைத் தின்னும்; டயர் காற்றை வாரம் ஒருமுறை, வண்டி ஓடுவதற்கு முன் பார்த்துவிடுங்கள்.

பெட்டி அளவில் பணம் நேரடியாகத் தெரியும். பல கூரியர் நிறுவனங்கள் நீளம், அகலம், உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி 5000-ஆல் வகுத்து வருவது உண்மை எடையைவிட அதிகமானால், அதையே கட்டணத்துக்கான எடையாகக் கொள்கின்றன. 40×30×30 பெட்டி 7.2 கிலோ, அதே பொருள் 30×20×20 பெட்டியில் அடங்கினால் 2.4 கிலோ. ஆனால் அட்டையை மெல்லியதாக்கி மிச்சம் பிடிக்க வேண்டாம். ஒரு பொருள் உடைந்து திரும்பினால் மீண்டும் அனுப்பும் டிரிப் எல்லாச் சேமிப்பையும் தின்றுவிடும்.

திரும்பப் பயன்படும் பிளாஸ்டிக் கிரேட்டுகளில்தான் நிறையப் பேர் தோற்கிறார்கள். காரணம், எண்ணிக்கையைக் குறைவாக வாங்குவது. தினம் 40 கிரேட் போகிறது, ஒரு சுற்று முடிந்து வர 5 நாள் ஆகிறது என்றால் 200 வேண்டும். தொலைவது, உடைவதற்கு இன்னும் 20. ஒவ்வொன்றிலும் எண் பொறித்து, நிறைந்த கிரேட்டை இறக்கும்போதே காலியை வாங்கிக்கொள்ள வேண்டும். ‘அடுத்த முறை தருகிறேன்’ என்பதை ஏற்றால் அவை வாடிக்கையாளரின் கடையில் சாமான் வைக்கும் பெட்டிகளாகிவிடும். கழுவிய கிரேட்டைக் காயவிடாமல் அடுக்கினால் உள்ளே வைக்கும் அட்டையும் லேபிளும் ஊறிப்போகும்.

இத்தனைக்கும் பிறகு மின்சார வண்டியை எடுத்தால், நோட்டைப் பார்த்தே எவ்வளவு பேட்டரி போதும் என்று சொல்லிவிடலாம். ஒரு சார்ஜில் ஓடும் என்று வண்டி நிறுவனம் சொல்லும் தூரத்தில் 60 முதல் 70 சதவீதத்தை மட்டும் நம்பி வழியை அமையுங்கள். லோடு, மேடு, ஏசி, பேட்டரியின் வயது எல்லாம் அதைக் குறைக்கும். 30 கிலோவாட் மணி பேட்டரி 3.3 கிலோவாட் சார்ஜரில் முழுதாக ஏற 9 மணி நேரத்துக்கு மேல் ஆகும், ஆகவே இரவுதான் சரி. அதற்குத் தனி ஒயர், தனி எம்சிபி (மின்சாரம் மிகுந்தால் தானே அணையும் சுவிட்ச்), சரியான எர்த் அவசியம். நீட்டிப்பு ஒயரில் மணிக்கணக்காகச் சார்ஜ் போட்டால் பிளக் சூடேறி உருகும், தீப்பிடிக்கவும் கூடும்.